உப்போடைக் கத்தரியைத் தேடி ஷார்ஜா போன கதை

ஒரு கைப்பிடி கத்தரி விதை வாங்கிவர விமானம் ஏறியவள் என்று எங்கள் அலுவலகத்தில் இன்றும் என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். அந்த ஒரு வாரத்தில் நான் பார்த்தவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ராமநாதபுரம் பக்கம், விவசாயிகளிடம் மிச்சமிருக்கும் பழைய விதைகளைத் தேடிச் சேர்க்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. ஒரு ரகத்தைக் காலங்காலமாகக் காப்பாற்றி வந்த விவசாயி அதைத் தன் பெயரில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. நாளை எந்தக் கம்பெனி அந்த விதையைத் தொட்டாலும் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அப்படிப் பதிய நாங்கள் எழுதிவைத்த பட்டியலில் முதலில் இருந்தது உப்போடை கிராமத்துக் கத்தரி. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதைக் குடித்தே காய்க்கும் செடி. பச்சைக் காயில் வெள்ளை வரி, காம்பில் முள்.

இரண்டு வருடம் அலைந்தேன். நிலம் வைத்திருந்த எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "அதெல்லாம் அத்துப்போச்சு மேடம்." கடைசியில் டீக்கடைக்காரர் ஒரு துப்புக் கொடுத்தார். கருப்பசாமி என்ற ஒருவர் ஏழெட்டு வருடங்களுக்கு முன் ஷார்ஜாவில் ஒரு தோட்ட வேலைக்குப் போனாராம், போகும்போது பையில் அந்த விதையையும் கொண்டுபோனாராம்.

என் தம்பி செந்தில் பர் துபாயில் இருந்தான். அவன் விசிட் விசா எடுத்தான். அலுவலகம் விதையை நாட்டுக்குள் கொண்டுவரும் அனுமதியை வாங்கித் தந்தது. கூடவே ஒரு படிவமும் தந்தது. பாதுகாத்து வந்தவர் என்ற இடத்தில் உப்போடை விவசாயிகள் சங்கத் தலைவர் முத்துராசுவின் பெயர் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. விதை கொடுப்பவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலி. அதை நான் இரண்டாம் முறை யோசிக்கவில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

துபாயில் மெட்ரோவுக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். ஜனவரி மாதம். வெயிலுக்குப் பயந்து பருத்திப் புடவைகளாக எடுத்துப்போன நான் முதல் நாள் காலையிலேயே தம்பியின் ஸ்வெட்டரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். பர் துபாய் கோயில் சந்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்மணி, "ஊர்லேர்ந்து இப்பத்தான் வந்தீங்களாக்கும், பாத்தாலே தெரியுது" என்று சிரித்தார்.

அன்று மாலை தம்பியின் ஆறு வயது மகளோடு காய்கறிக் கடைக்குப் போனேன். ஓமான் கத்தரி, ஈரான் கத்தரி, ஹாலந்திலிருந்து வந்த கத்தரி என்று வரிசையாக இருந்தது. எல்லாம் ஒரே நிறம், ஒரே பளபளப்பு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சீருடை போட்டு நிறுத்தியதுபோல. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. "அத்தை, ஐ ஹேட் பிரிஞ்சால்" என்றாள் மருமகள். இதைத் தின்று வளர்ந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மறுநாள் வியாழக்கிழமை. தம்பிக்கு டூட்டி. தனியாகவே போகிறேன் என்று கிளம்பிவிட்டேன். ஷார்ஜாவிலிருந்து கிழக்கே, மலைகளை நோக்கிப் போகும் சாலையில் தெய்த் என்ற ஊர். மினிபஸ்ஸில் முன் இருக்கை பெண்களுக்கு. பெண் என்று ஏறியவள் நான் ஒருத்திதான்; அதனால் டிரைவருக்குப் பக்கத்தில் ராணிபோல உட்கார்ந்து போனேன். ஜன்னலுக்கு வெளியே செம்மணல் மேடுகளும் கருவேலம்போன்ற மரங்களும். நம்மூரின் தேரிக்காட்டை யாரோ இழுத்துப் பெரிதாக்கிவிட்டதுபோல் இருந்தது.

இறங்க வேண்டிய ரவுண்டானாவுக்கு ஒன்று முன்னாலேயே இறங்கிவிட்டேன். பஸ் போய்விட்டது. நாலு பக்கமும் சாலை. ஒரு மனிதர் இல்லை. சாலையோரத்தில் இரண்டு ஒட்டகங்கள் நின்று என்னையே பார்த்தன. கால் மணி நேரம் கழித்து நாற்றுத் தட்டுகள் அடுக்கிய ஒரு பிக்அப் வேகம் குறைத்து வந்து நின்றது.

"அக்கா, தமிழோ? எங்க போறியள் இந்த நடு ரோட்டில?"

அவர் பெயர் யோகன். யாழ்ப்பாணத்துக்காரர். நாற்றுப் பண்ணையிலிருந்து தோட்டங்களுக்கு நாற்றுக் கொண்டுபோய் இறக்கும் வேலை. கருப்பசாமி என்று நான் சொன்னதும் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

"சாமியோ? ஓம், தெரியும். எங்கட நாத்து ஒண்டும் வேண்டாமெண்டு சொல்லுற ஒரே ஆள் அவர்தான். கத்தரி நாத்து வாசலுக்கால உள்ள வரவே விடமாட்டார். ஏறுங்கோ."

தோட்டம் ஒரு பேரீச்சந்தோப்புக்குப் பின்னால் இருந்தது. கம்பிக் கதவைத் திறந்தவர் ஆறடி உயரப் பட்டாணியர் ஒருவர். யோகன் விஷயத்தைச் சொன்னதும் அவர் உள்ளே திரும்பி, "சாமி பாய்! உன் ஊரிலிருந்து சொந்தக்காரப் பெண் வந்திருக்கிறாள்!" என்று உருதுவில் கத்தினார். என் அரைகுறை இந்திக்கே அது புரிந்தது. அவர் குல் கான். ஆறு வருடமாக இருவரும் ஒரே ரூமில் இருக்கிறார்கள்.

கருப்பசாமி கையில் மண்வெட்டியோடு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, தலையில் கட்டம் போட்ட அரபுத் துண்டு. நான் உப்போடை என்றதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"நம்மூருலருந்தா வர்றீக? வீட்டுல எதுவும்..."

"ஒண்ணுமில்லண்ணே, எல்லாரும் நல்லாருக்காங்க. கத்தரிச் செடியப் பாக்க வந்தேன்."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பிறகு முன்னால் நடந்தார்.

தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் எல்லாவற்றையும் தாண்டி, தோட்டத்தின் தென்மூலையில், வேப்பமர வேலி மறைத்த ஒரு துண்டு நிலத்தில் நாற்பது செடிகள் நின்றன. பச்சைக் காய், வெள்ளை வரி. காம்பைத் தொட்டதும் முள் குத்தியது. குத்திய விரலை வாயில் வைத்துக்கொண்டு நான் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தேன். சில பூங்கொத்துகளின் மேல் கொசுவலைத் துணியைப் பை மாதிரி தைத்துக் கட்டியிருந்தார். அடுத்த தோட்டத்துக் கத்தரியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்துவிடக் கூடாதே என்று.

"தண்ணி எப்படிண்ணே?"

"கிணத்துத் தண்ணி நம்மூரவிட உப்பு. வெள்ளரி வாடுது. இது கண்டுக்கிறதே இல்ல."

மதியச் சாப்பாடு அவர்கள் ரூமில். கருவாடு போட்ட கத்தரிக்காய்க் குழம்பு. சோற்றுக்குப் பதில் தட்டளவு அகலமான குப்பூஸ் ரொட்டி. குல் கான் இந்த ரூமுக்கு வந்த புதிதில் கருவாட்டு வாசம் தாங்காத மனிதராம். இப்போது சட்டியை வழித்துத் தின்பவர் அவர்தான். "என் பெஷாவரில் இந்தக் காயை யாரும் நம்பமாட்டார்கள். விதை கேட்டால் சாமி பாய் தரமாட்டேன் என்கிறான், அவனுடைய பேகம் உத்தரவு கொடுக்க வேண்டுமாம்" என்று என்னிடம் புகார் சொன்னார். நான் அதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டு இன்னொரு ரொட்டியைப் பிய்த்தேன்.

சாப்பிட்டபின் சட்டத்தை விளக்கினேன். கருப்பசாமி கவனமாகக் கேட்டார். பிறகு படிவத்தைக் காட்டி, "வாசிங்க மேடம்" என்றார். வாசித்தேன். முத்துராசு என்ற பெயர் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இன்னொருக்க வாசிங்க."

வாசித்தேன்.

"முத்துராசு மொதலாளி காப்பாத்துனாராமா?" குரலில் கோபம்கூட இல்லை. "அவரு நெலத்துலதான் வெளைச்சல்ல பங்குன்னு வாரத்துக்கு வெள்ளாம பாத்தோம். வரப்போரமா ரெண்டு பாத்தி கத்தரி செவந்தி வச்சுருந்தா. எம் பொண்டாட்டி. மனைக்கு விக்கணுமின்னு ஒருநா காலையில டிராக்டர விட்டாரு. காய் பறிக்கக்கூட விடல. ஓடிப்போயி டிராக்டருக்கு முன்னால நாலு பழத்தப் பறிச்சுட்டு வந்தா. அந்த வெததான் இது."

நான் பேனாவை மூடினேன்.

"எனக்கு வெதையப் பத்தி என்ன தெரியும்? நான் வெட்டுவேன், தண்ணி பாச்சுவேன். எந்தக் காய விடணும், எதப் பறிக்கணும், எல்லாம் அவ போன்ல சொல்றதுதான். எம் பேரும் வேணாம், அந்தாளு பேரும் வேணாம். அவளக் கேக்காம ஒரு வெத குடுக்க மாட்டேன். ஆமா, நீங்க அவளப் பாத்தீகள்ல?"

பார்க்கவில்லை. கண்மாய்க்கு மேற்கே இருக்கும் அந்தத் தெருவுக்கு நான் போகவே இல்லை. பட்டா இருந்த வீடுகளில் மட்டும் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் என் முகமே அதைச் சொல்லிவிட்டது போலும்.

"நாளைக்கு வெள்ளிக்கெழம. ரெண்டு மணிக்குப் பேசுவேன். வாங்க, நீங்களே கேளுங்க" என்றார். வெறுங்கையோடு அனுப்பாமல் ஒரு பை நிறையக் காய் பறித்துக் கொடுத்தார். அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. அன்றிரவு தம்பி வீட்டில் எண்ணெய்க் கத்தரிக்காய் செய்தேன். பிரிஞ்சாலை வெறுக்கும் மருமகள் மூன்று தின்றாள்.

வெள்ளிக்கிழமை தம்பி காரில் கூட்டிப்போனான். குறுக்கு வழி என்று மணல் பாதையில் திருப்பியதில் பின் சக்கரங்கள் இரண்டும் பாதி புதைந்தன. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி இன்னும் இறங்கியது. போன் செய்ததும் குல் கான் ஒரு பலகையும் வண்டி இழுக்கும் கயிறுமாக வந்தார். தம்பியை மேலும் கீழும் பார்த்து, "இன்ஜினியரா?" என்று கேட்டார். தம்பி ஆமாம் என்றான். "தெரிகிறது" என்று சொல்லிவிட்டுக் குனிந்து கையாலேயே மணலை அள்ளத் தொடங்கினார். நாங்கள் போய்ச் சேர இரண்டரை மணி ஆகிவிட்டது.

கருப்பசாமி கையில் போனோடு கத்தரிப் பாத்தியில் குந்தியிருந்தார். காலிங் கார்டு போட்டுப் பேசும் பேச்சு. ஸ்பீக்கரில் காற்று இரைச்சலோடு ஒரு பெண் குரல்.

"நடுக்கெளையில ரெண்டாவது காயி எப்படியிருக்கு?"

"மஞ்ச விழுந்துருச்சு."

"முழுசா விழுந்துருச்சா, அரையும் கொறையுமா? சரியாப் பாத்துச் சொல்லுங்க."

"அர மஞ்ச."

"அப்ப விடுங்க. அவசரப்படாதீக. சாம்பல் இருக்கா?"

"அர்பாப் மஜ்லிஸ்ல கரி போட்ட சாம்பல் நெறைய கெடக்கு." அர்பாப் என்றால் முதலாளி, மஜ்லிஸ் அவருடைய விருந்தினர் கூடம். அங்கே காப்பி காய்ச்சும் கணப்பின் சாம்பலைத்தான் விதையில் புரட்டி உலர்த்தியிருக்கிறார் இவர். "இந்தா, அந்த மேடம் வந்துட்டாக. பேசு."

போனை வாங்கினேன். என் பெயரையும் அலுவலகத்தையும் சொன்னேன்.

"தெரியுமே" என்றாள் செவந்தி. "ரெண்டு வருசமா ஜீப்புல வர்றீக. கண்மாக்கரையில நான் களை எடுத்துட்டு நிக்கிறப்ப தாண்டித்தான் போவீக. எங்க தெருவுக்கு வர கால் மணி நடை. அதுக்கு வராம ஏரோப்பிளேன் ஏறித் துபாய்க்குப் போயிருக்கீகளே!"

பாத்தியில் இருந்த கருப்பசாமி தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கத்தான். தம்பி மறைக்கவில்லை.

"தப்புத்தாங்க" என்றேன்.

"சரி விடுங்க. வெத எதுக்கு?"

சொன்னேன். இந்த முறை படிவத்தில் இருந்தபடி வாசிக்காமல், வாயால் சொன்னேன். யார் பெயரில் பதிகிறோமோ அவரைக் கேட்காமல் நாளை யாரும் இந்த விதையைச் சொந்தம் என்று சொல்ல முடியாது என்றேன். உங்கள் பெயரில் பதியலாமா என்று கேட்டேன்.

"எனக்குப் பட்டா கெடயாதே."

"பட்டா கேட்டா நான் பேசிக்கிறேன்."

"பேசுவீகளா? மொதலாளி முன்னாலயும்?"

"பேசுவேன்."

"அப்படின்னா கேட்டுக்கங்க. எம் பேரு மட்டும் வேணாம். எங்க தெருவுல ஏழு பொம்பளைக சேந்து குத்தகைக்கு ஒரு துண்டு எடுக்கப்போறோம். எங்க எல்லாரு பேரும் எழுதணும். வெத கேட்டு யாரு வந்தாலும் குடுப்போம். பூட்டி வைக்கிறதுக்கு அது என்ன நகையா? ஆனா எங்களக் கேக்கணும்." பிறகு குரலை இறக்கி, "அந்தப் பட்டாணிக்காரருக்கு ஒரு பிடி குடுக்கச் சொல்லுங்க. பாவம், எத்தன வருசமாக் கேக்காரு" என்றாள்.

குல் கானுக்கு மொழிபெயர்த்தேன். அவர் போனுக்கு முன்னால் நெஞ்சில் கைவைத்துக் குனிந்து ஒரு நீண்ட வாழ்த்துச் சொன்னார். "என்ன சொல்றாரு?" என்றாள் செவந்தி. "நீ நூறு வருசம் இருக்கணுமாம்" என்றார் கருப்பசாமி. அப்போது கார்டு தீர்ந்து போன் நின்றது.

அங்கேயே, பாத்தி வரப்பில் உட்கார்ந்து, தட்டச்சு செய்த பெயரைப் பேனாவால் அடித்தேன். கருப்பசாமி ஒவ்வொரு பெண்ணின் பெயராகச் சொல்ல, எழுதினேன்.

இன்னும் ஒரு தடை பாக்கி. விதை வெளியே போக இங்கே தாவர நலச் சான்று வேண்டும். அதற்குத் தோட்ட உரிமையாளர் கடிதம் வேண்டும். என் மண், என் தண்ணீர், என் விதை என்று அவர் சொல்லிவிட்டால்? பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து அர்பாப் வந்தார். அறுபது வயதுக்கு மேல், கைத்தடியோடு. மஜ்லிஸில் எங்களை உட்காரவைத்துப் பேரீச்சம்பழமும் காப்பியும் கொடுத்தார். கருப்பசாமி அரபியும் இந்தியும் கலந்து விஷயத்தைச் சொல்லச் சொல்ல, நான் காப்பியைக் குடிக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். செந்தில் மொழிபெயர்த்தான்: "இந்த மனிதன் என் விசாவில் வந்தான். கத்தரிக்காய் இவன் பையில் வந்தது. அதற்கு நான் கஃபீல் இல்லை, ஸ்பான்சர் இல்லை." சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், என் வீட்டில் எல்லோருக்கும் இந்தக் காய் பிடிக்கும். நாற்பது செடிகளும் இங்கே இருக்கட்டும், அதற்கு அவளுடைய அனுமதி வேண்டும்." கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை நீட்டினார். "கலாஸ், முடிந்தது. இன்னொரு காப்பி குடியுங்கள்."

ஞாயிற்றுக்கிழமை அரசு அலுவலகத்தில் மூன்று கவுன்ட்டர்கள் ஏறி இறங்கினோம். அதிகாரி பூதக்கண்ணாடியால் விதைகளைப் பார்த்தார். அனுப்புபவர் பெயர் என்ற இடத்தில் கருப்பசாமி தமிழில் கையெழுத்துப் போட்டார், எழுத்து எழுத்தாக. வெளியே வந்ததும் வாசல் கடையில் எனக்கும் தம்பிக்கும் பால் விடாத சுலைமானி டீ வாங்கித் தந்தார். "லீவு அடுத்த வருசந்தான் மேடம். நீங்க முன்னால போங்க" என்றார்.

சென்னை விமான நிலையத்தில் விதையைப் பரிசோதனைக்கென்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த மூன்று வாரமும் அலுவலகத்தில் எனக்குச் சண்டைதான். சங்கத்தைப் பகைத்துக்கொண்டு அந்த ஊரில் எப்படி வேலை செய்வது என்றார் என் மேலதிகாரி. முத்துராசு நேரிலேயே வந்து, "கூலிக்காரி எப்பம்மா விவசாயி ஆனா?" என்று கேட்டார். டிராக்டர் விட்ட நாளை அவருக்கு நினைவுபடுத்தினேன். அதற்குப்பின் அவர் உட்காரவில்லை. சட்டத்தில் பட்டா என்ற சொல்லே இல்லை, பாதுகாத்தவர் என்றுதான் இருக்கிறது என்று வரி வரியாகக் காட்டியபின் மேலதிகாரி படிவத்தில் கையெழுத்திட்டார். ஏழு பெயர்களோடு பதிவு எண் கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கிடைத்தது.

அதற்கெல்லாம் முன்பே, பரிசோதனை முடிந்து விதை கைக்கு வந்த அன்று ஜீப்பைக் கண்மாய்க் கரையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போனேன். செவந்தி நான் கற்பனை செய்ததைவிடக் குள்ளமாக இருந்தாள். பொட்டலத்தை வாங்கி, சுளகில் கொட்டி, விரலால் பரப்பினாள். சிலவற்றைப் பொறுக்கி ஓரத்தில் தள்ளினாள். "அவசரப்பட்டுருக்காரு மனுசன்." பிறகு ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தாள். சாம்பல் வாசம் இருந்திருக்கும். நாற்பது செடிகளுக்கு அர்பாப் அனுமதி கேட்டதைச் சொன்னேன்.

"அங்க தண்ணி இன்னும் உப்புத்தானா?"

"கிணத்துத் தண்ணி உப்புதான். குடிக்கிறதுக்கு லாரியில நல்ல தண்ணி வருது."

"செடிக்கு உப்புத் தண்ணி, அவருக்கு நல்ல தண்ணி. அப்படியே இருக்கட்டும்" என்றாள். சுளகை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாற்றுப் பாத்தி இருந்த குத்தகை நிலத்தைப் பார்த்து நடந்தாள். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.